வந்தேன்; கண்டேனா?

அதிகாலை மணி நான்கு. எகிப்தில், செங்கடல் கரையிலுள்ள ஹுர்கடா என்ற ஊரில், ஒரு மலிவு விடுதியின் வாசலில் நானும் என் தோழியும் நின்றுகொண்டிருந்தோம். கையில் விடுதிக்காரர் கொடுத்த பசியாறல் பொட்டலம்: இரண்டு ரொட்டி, ஓர் அவித்த முட்டை, ஒரு வாழைப்பழம். பாலைவன நாட்டில் டிசம்பரில் இப்படிக் குளிரும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. பேருந்து வந்தது. ஏறி உட்கார்ந்ததும் வழிகாட்டி ஒரு தாளை நீட்டினார். வழியில் சோதனைச் சாவடிகள் இருப்பதால் எல்லாருடைய பெயரும் கையெழுத்தும் வேண்டுமாம்.

நான் வழக்கம்போல 'கே' என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்திட்டுவிட்டுத் தாளைப் பின்னால் அனுப்பினேன்.

நண்பர்களே, என் பெயர் 'கே' அல்ல. என் பெயரில் ஓர் அழகான ழகரம் இருக்கிறது. ஜொகூரில் குளுவாங் பக்கத்தில் ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு படித்தபோது, "நாக்கை மடக்கு, இன்னும் மடக்கு" என்று என் ஆசிரியை அந்த எழுத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்தார். பிறப்புச் சான்றிதழில் அந்த ழகரம் ஏற்கெனவே ஆங்கில 'எல்' ஆகிவிட்டிருந்தது. தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் ஒவ்வோர் ஆசிரியரும் ஒவ்வொரு விதமாகக் கூப்பிட்டார்கள். பல்கலைக்கழகப் படிப்புக்காகச் சிங்கப்பூர் வந்த முதல் வாரத்தில், இனி யாருக்கும் சிரமம் வேண்டாம் என்று நானே அதை ஓர் எழுத்தாகச் சுருக்கிக்கொண்டேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நேர்மை.

கடந்த ஆண்டு, 2025இன் பிற்பகுதியில், மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு பருவம் ஜெர்மனியில் படித்தேன். வீடு திரும்புமுன் எங்காவது போகலாம் என்று நானும் என் சிங்கப்பூர்த் தோழியும் தேடியபோது அகப்பட்ட மிக மலிவான விமானச் சீட்டு ஹுர்கடாவுக்கு. அங்கிருந்து ஒரே நாளில் லக்சோர் போய்வரும் வழிகாட்டிச் சுற்றுலா ஒன்றை விடுதிக்காரர் விற்றார். கோயில், கல்லறை, மதிய உணவு எல்லாம் சேர்த்து ஒரே விலை. அவ்வளவுதான் எங்கள் ஆராய்ச்சி!

பேருந்து கடலோரமாகத் தெற்கே ஓடிச் சஃபாகா என்ற துறைமுகத்தை அடைந்து, பின்பு மேற்கே திரும்பிப் பாலைவனத்துக்குள் புகுந்தது. இருபுறமும் மொட்டை மலைகள். ஒரு புல் பூண்டு கிடையாது. நான் தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது கேனா என்ற ஊர் வந்திருந்தது. திடீரென்று பச்சை! கரும்பு வயல், பேரீச்ச மரங்கள், கழுதை வண்டி. நைல் நதி வந்துவிட்டது. மொத்தம் நான்கு மணி நேரம்.

அந்த நான்கு மணி நேரத்தில் நான் எந்தப் பாதையை ஒட்டிப் போனேன் என்பது எனக்கு அப்போது தெரியாது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கர்னாக் கோயில். ஆட்டுத் தலை கொண்ட சிங்க உருவங்கள் இரு வரிசையாக உட்கார்ந்து நம்மை வரவேற்கின்றன. உள்ளே 134 தூண்கள் நிற்கும் ஒரு மண்டபம். ஆயிரங்கால் மண்டபத்தைப் படத்தில் பார்த்து வளர்ந்த எனக்கும் கழுத்து வலித்தது. எங்கள் வழிகாட்டி ஐம்பது வயதைத் தாண்டியவர். எல்லாரையும் "என் குடும்பமே" என்று கூப்பிடுவார். "என் குடும்பமே, பதினைந்து நிமிடம் படம் எடுத்துக்கொள்ளுங்கள்" என்பார். நாங்களும் அதைத்தான் செய்தோம்.

பிறகு நைலைக் கடந்து மேற்குக் கரைக்குப் போனோம். சாலையோரத்தில் மூன்றாம் அமென்ஹோதெப் மன்னனின் இரண்டு பிரம்மாண்டமான கற்சிலைகள் உட்கார்ந்திருக்கின்றன. மெம்னோன் சிலைகள் என்று பெயர். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 18 மீட்டர் உயரம். கி.மு. 27இல் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் வடபுறச் சிலை சேதமடைந்தது. அதன்பின் விடியற்காலையில் அதிலிருந்து ஓர் ஓசை எழுந்ததாம். 'சிலை பாடுகிறது' என்று ரோமப் பேரரசு எங்கும் செய்தி பரவி, மக்கள் கூட்டங்கூட்டமாக வந்தார்கள். கி.பி. 130இல் பேரரசர் ஹேட்ரியனே வந்தார். வந்தவர்கள் சும்மா போகவில்லை. சிலையின் கால்களில் கிரேக்கத்திலும் லத்தீனிலும் தங்கள் பெயரையும் கவிதைகளையும் வெட்டி வைத்தார்கள். "பாருங்கள், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஊரில் என் தொழில் நடந்திருக்கிறது" என்று வழிகாட்டி மார்தட்டினார். எல்லாரும் சிரித்தோம்.

அடுத்தது மன்னர்களின் பள்ளத்தாக்கு. ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளாக எகிப்திய மன்னர்களைப் புதைத்த இடம். அறுபதுக்கும் மேற்பட்ட கல்லறைகள் மலையைக் குடைந்து செய்யப்பட்டிருக்கின்றன. 1922இல் ஹாவர்ட் கார்ட்டர் கண்டுபிடித்த துட்டன்காமூன் கல்லறையும் இங்கேதான். பொதுவான நுழைவுச்சீட்டில் மூன்று கல்லறைகளைப் பார்க்கலாம். மாணவர் அட்டை காட்டினால் பாதி விலை. வழிகாட்டிகள் கல்லறைக்குள் வந்து விளக்கம் சொல்ல அனுமதி இல்லை. ஆகவே அவர் வெளியிலேயே, வெயிலில், ஒரு பெரிய படத்தை விரித்து வைத்துக்கொண்டு பாடம் நடத்தினார்.

"முதலில் நான்காம் ராம்சேஸிடம் போங்கள். கல்லறை அகலமானது, மூச்சு முட்டாது. கூரையில் வானதேவதை நூத்தைப் பாருங்கள். சிவப்புக் கருங்கல்லால் ஆன சவப்பேழையைப் பாருங்கள். இந்தக் கல்லறை பண்டைக் காலத்திலிருந்தே திறந்து கிடந்தது. 1829இல் எகிப்திய எழுத்தைப் படித்துக் காட்டிய ஷம்போலியன் இதற்குள்ளேதான் தங்கினார். சுவரில் ஆங்காங்கே கிறுக்கல்கள் இருக்கும். பழைய கால சுற்றுப்பயணிகளின் வேலை. அவற்றில் நேரத்தை வீணாக்காதீர்கள். நாற்பத்தைந்து நிமிடம்தான்!"

நாங்கள் நேரத்தை வீணாக்கவில்லை. உள்ளே இறங்கும் வழி நெடுகிலும், இரு சுவர்களிலும், சித்திர எழுத்துகள். நேற்று தீட்டியதுபோல் மஞ்சளும் நீலமும். ஓரிடத்தில், அந்தச் சித்திரங்களுக்கு நடுவே, கீறிய கோடுகள் சில தெரிந்தன. ஒரு கணம் நின்றேன். பின்னால் வந்த கூட்டம் தள்ளியது. 'கிறுக்கல்' என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

அந்தச் சொல் மட்டும் என்னோடு வந்தது. ஏனென்றால் அது எனக்குப் பழைய சொல்.

என் அப்பா லோரி ஓட்டுநர். தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவர். அவருடைய கையெழுத்து தமிழில்தான் இருக்கும். சுழித்து மறைக்கிற கையெழுத்து அல்ல. தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாக, புள்ளி விடாமல், முழுமையாக எழுதுவார். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டும் என் தேர்ச்சி அறிக்கையில் அந்தக் கையெழுத்துதான் இருந்தது. இடைநிலைப்பள்ளியில் முதலாம் படிவத்தில் முதல் தேர்வு முடிந்து அறிக்கையைத் திருப்பிக் கொடுத்தபோது, ஆசிரியர் ஒருவர் அதை உயர்த்திப் பார்த்து, "இது என்ன, கோழி கிறுக்கியதா?" என்று மலாயில் கேட்டார். வகுப்பு சிரித்தது. அவர் கெட்டவர் அல்லர். அடுத்த நிமிடமே மறந்திருப்பார். நான் மறக்கவில்லை. அடுத்த தேர்விலிருந்து அப்பாவின் கையெழுத்தை நானே போட்டேன். ஆங்கில எழுத்தில், சாய்வாக, கடைசியில் ஒரு கோடு இழுத்து. ஐந்தாம் படிவம் வரைக்கும் அப்படித்தான்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. ராம்சேஸ் மன்னனின் கல்லறையிலிருந்து மேலேறி வெயிலுக்கு வந்தபோது அது நினைவுக்கு வந்தது. உடனே மறக்கவும் முயன்றேன்.

கடைசியாக ஒரு பாப்பிரஸ் கடைக்குக் கூட்டிப் போனார்கள். உங்கள் பெயரைப் பழைய எகிப்திய எழுத்தில் எழுதித் தருகிறோம் என்றார் கடைக்காரர். நான் ஆசைப்பட்டேன். பெயரைக் கேட்டார். ஆங்கிலத்தில் எழுத்துக் கூட்டிச் சொன்னேன். 'எல்' வந்த இடத்தில் அவர் ஒரு சிங்கத்தை வரைந்தார்! படுத்திருக்கும் சிங்கம். என் ழகரம் எகிப்தில் சிங்கமாகிவிட்டது. பணம் கொடுத்து, சுருட்டி, பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டேன். நள்ளிரவில் விடுதி திரும்பினோம்.

செங்காங்கில் என் பெரியம்மா வீட்டில்தான் தங்கிப் படிக்கிறேன். பெரியம்மா கல்யாணமாகிச் சிங்கப்பூர் வந்து முப்பது ஆண்டுகள் ஆகின்றன. பாப்பிரஸை விரித்துக் காட்டினேன். "இது யாருடி?" என்றார். "என் பேரு பெரியம்மா." "இதுல எங்கடி உன் பேரு இருக்கு? ஆந்தையும் பாம்புமா இருக்கு." சட்டம் போட்டு மாட்டலாமா என்று கேட்டேன். "சாமிப் படத்துக்குப் பக்கத்துல மட்டும் மாட்டிடாத" என்றார். அலமாரிக்குள் போய்விட்டது.

பிப்ரவரி மாதம். செங்காங் எல்ஆர்டி ரயிலில், ரிவர்வேல் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். கைத்தொலைபேசியில் ஒரு செய்தி. மன்னர்களின் பள்ளத்தாக்குக் கல்லறைகளில் தமிழ்ப் பெயர்கள்!

சென்னையில் நடந்த கல்வெட்டியல் மாநாட்டில் இரண்டு அறிஞர்கள் அறிவித்திருக்கிறார்கள்: பாரிஸைச் சேர்ந்த சார்லட் ஷ்மிட், சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இங்கோ ஸ்ட்ரௌக். அந்தக் கல்லறைகளிலிருந்து 2,000க்கும் மேற்பட்ட கிரேக்க, லத்தீன் கிறுக்கல்களை ஜூல் பாயே என்ற பிரெஞ்சு அறிஞர் 1926இலேயே தொகுத்து வெளியிட்டிருந்தார். நூறு ஆண்டுகள் கழித்து, அதே சுவர்களில், இந்தியாவிலிருந்து வந்தவர்கள் எழுதியவை ஏறத்தாழ முப்பது இருப்பதை இவர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். ஆறு கல்லறைகளில் அவை உள்ளன. சில பிராகிருதம், சில சமஸ்கிருதம், பல தமிழ். தமிழி என்று நாம் சொல்லும் பழைய தமிழ்ப் பிராமி எழுத்து. காலம் கி.பி. முதல் நூற்றாண்டிலிருந்து மூன்றாம் நூற்றாண்டுக்குள்.

அதில் ஒரு பெயர் சிகை கொற்றன். அவர் ஐந்து கல்லறைகளில் எட்டு இடங்களில் தம் பெயரை எழுதியிருக்கிறார். வந்ததையும் கண்டதையும் சொல்லும் சொற்களும் அந்தத் தமிழ்ப் பொறிப்புகளில் இருக்கின்றன. கிரேக்கர்களும் அங்கே 'கண்டேன், வியந்தேன்' என்றுதான் எழுதினார்கள். பக்கத்தில் எழுதியிருந்ததைப் பார்த்து நம்மவரும் எழுதியிருப்பார் போலும்.

நான் இறங்க வேண்டிய நிலையம் வந்தது. இறங்கவில்லை. எங்கள் எல்ஆர்டி வட்டமடித்து ஓடுவது. இறங்காவிட்டால் மறுபடியும் அதே இடத்துக்கு வரும். இரண்டு சுற்று சுற்றினேன்.

நான் அங்கே போயிருந்தேன். நின்றேன். சுவரில் கீறல்களைப் பார்த்தேன். கிறுக்கல் என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். நான் பார்த்த கீறல்கள் தமிழா, கிரேக்கமா, எனக்குத் தெரியாது. நின்று பார்த்திருந்தாலும் தமிழியை எனக்கு வாசிக்கத் தெரியாது. என் வருத்தம் அதுவல்ல. பார்க்கத் தேவையில்லை என்று நான் அவ்வளவு எளிதாக முடிவு செய்தேனே, அதுதான்.

அன்றிரவு முதல் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அப்போதுதான் நான் தூங்கிக்கொண்டு கடந்த பாதையின் அருமை விளங்கியது. செங்கடல் கரையில் அக்காலத்தில் இரண்டு பெரிய துறைமுகங்கள் இருந்தன: மியோஸ் ஹோர்மோஸ், பெரெனிகே. இந்தியாவிலிருந்து வந்த சரக்கு இங்கே இறங்கி, ஒட்டகத்தில் ஏறி, பாலைவனத்தைக் கடந்து, நைல் கரையிலுள்ள கோப்டோஸ் நகரை அடையும். மியோஸ் ஹோர்மோஸிலிருந்து கோப்டோஸுக்கு ஆறு அல்லது ஏழு நாள் பயணம் என்று கிரேக்க அறிஞர் ஸ்டிராபோ எழுதியிருக்கிறார். அத்துறையிலிருந்து ஆண்டுக்கு 120 கப்பல்கள் இந்தியாவுக்குப் போனதையும் அவரே குறிப்பிடுகிறார். அந்தக் கோப்டோஸ்தான் இன்றைய கிஃப்ட். கேனாவுக்கும் லக்சோருக்கும் இடையில் இருக்கிறது. எங்கள் பேருந்து திரும்பிய சஃபாகாவுக்குத் தெற்கே, குசைர் என்ற ஊருக்கு அருகில் மியோஸ் ஹோர்மோஸ் கிடக்கிறது. கடலிலிருந்து பாலை, பாலையிலிருந்து நைல், நைலிலிருந்து கல்லறை. கொற்றனும் அவர் கூட்டாளிகளும் ஒருவாரம் நடந்து தாண்டியிருக்கக்கூடிய பாலையை நான் நான்கு மணி நேரத்தில், வாயைத் திறந்துகொண்டு, தூங்கியே கடந்திருக்கிறேன்!

மியோஸ் ஹோர்மோஸில் கிடைத்த பானை ஓடுகளில் கண்ணன், சாத்தன் என்ற பெயர்கள் தமிழியில் இருக்கின்றன. இன்னோர் ஓட்டில் 'பானை ஒறி' என்று எழுதியிருப்பதை 2007இல் ஐராவதம் மகாதேவன் படித்துச் சொன்னார். ஒறி என்றால் உறி. பூனைக்கு எட்டாமல் தயிர்ப் பானையைத் தொங்கவிடுவார்களே, அந்த உறி. எங்கள் பாட்டி வீட்டுச் சமையற்கட்டில் இருந்த அந்தப் பொருளின் பெயர் செங்கடல் கரையில் கிடந்திருக்கிறது. பெரெனிகேயில் கிடைத்த ஓர் ஓட்டில் 'கொற்றபூமான்' என்றொரு பெயர். அதே ஊரில், ஒரு கோயில் முற்றத்தில், இந்தியாவில் செய்த ஒரு தாழி நிறைய மிளகு: ஏழரைக் கிலோ.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியம்மாவோடு தேக்காவுக்குப் போனேன். பெரியம்மா எப்போதும் ஒரே கடையில்தான் மிளகு வாங்குவார். ஒரு மணியை எடுத்து நசுக்கி முகர்ந்து பார்த்துவிட்டு, "போன வாரத்துச் சரக்கா?" என்று கடைக்காரரிடம் கேட்டார். "இல்லக்கா, நேத்துதான் வந்திச்சு" என்றார் அவர். நான் பெரியம்மாவிடம் ஏழரைக் கிலோக் கதையைச் சொன்னேன். "ஏழரைக் கிலோவா? அத்தனையும் விட்டுட்டாப் போனாங்க? அந்தக் காலத்துல மிளகு தங்க வெல இல்ல?" என்றார். எத்தனையோ கட்டுரைகள் படித்தும் எனக்குத் தோன்றாத கேள்வி அது. யார் விட்டுப் போனார்கள்? ஏன் திரும்பி வரவில்லை?

திரும்பும் வழியில் செங்காங் நிலையத்தில் இறங்கினோம். 'செங்காங்' என்று பெயர்ப்பலகையில் தமிழிலும் எழுதியிருக்கிறது. நாள்தோறும் அதன் கீழே நின்றிருக்கிறேன். செங்காங் என்றால் வளமான துறைமுகம் என்று பொருளாம். முன்பு இந்த வட்டாரத்தில் காங்கார் என்ற மீனவர் கிராமம் இருந்தது. இன்று அடுக்குமாடிகள்தான். துறைமுகம் போய், பெயர் மட்டும் நின்றிருக்கிறது. நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்றாகத் தமிழ் பலகையில் நிற்கும் நாட்டில், அந்தப் பலகைக்குக் கீழேயே நின்றுகொண்டு, என் பெயரை நான் ஓர் ஆங்கில எழுத்தாக ஆக்கி வைத்திருக்கிறேன். இதற்கு நான் யாரைக் குறை சொல்ல முடியும்?

அன்றிரவு அப்பாவை அழைத்தேன். பாசிர் கூடாங்கில் சரக்கு ஏற்றக் காத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, எகிப்துல நான் போன எடத்துல, ராஜாங்க கல்லறைக்குள்ள, ஒரு தமிழர் பேர் எழுதி வச்சிருக்காராம். ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னால."

"அப்படியா? என்னா பேரு?"

"கொற்றன். எட்டு எடத்துல எழுதியிருக்காரு."

"எட்டு எடமா!" அப்பா சிரித்தார். "அவருக்கு நெறைய நேரம் இருந்திருக்கு. காத்துக்கிட்டு இருந்திருப்பாரும்மா. காத்துக்கிட்டு இருக்கிறவன்தான் எழுதுவான். இங்க கிடங்கு செவுத்துல வந்து பாரு. சரக்கு ஏத்துற வரைக்கும் எங்களுக்கு என்னா வேல? எல்லா டிரைவரும் கரியால பேரு, தேதி எழுதி வச்சிருக்கோம். தமிழ், மலாய், சீனம், எல்லாம் இருக்கு. ஏன் பேரு மட்டும் நாலு எடத்துல இருக்கும்."

எனக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. அறிஞர்கள் சொல்வது இதற்கு ஒத்துப்போகிறது. அக்காலக் கப்பல்கள் பருவக்காற்றை நம்பியவை. எகிப்திலிருந்து இந்தியாவுக்குப் போகிறவர்கள் ஜூலை வாக்கில் புறப்பட்டார்கள். இந்தியாவிலிருந்து அங்கே போகிறவர்கள் ஆண்டுக் கடைசியில், காற்று திரும்பிய பிறகு கிளம்பினார்கள். அப்படியானால் அங்கே போய்ச் சேர்ந்த நம்மவர், திரும்பும் காற்று வரும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சரக்கு விற்றாயிற்று. காற்று வரவில்லை. ஊர் தூரம். என்ன செய்வார்? எல்லாரும் போகிற இடத்துக்குத் தாமும் போய், எல்லாரும் எழுதுகிற சுவரில் தம் பெயரை எழுதியிருப்பார். லோரி ஓட்டுநர் ஒருவருக்கு இது ஒரே நொடியில் புரிந்துவிட்டது.

"அப்பா, ஒண்ணு சொல்லணும். ஃபாரம் ஒன்லேருந்து ரிப்போட் கார்டுல உங்க கையெழுத்த நான்தான் போட்டேன்."

மறுமுனையில் லோரி இயந்திரத்தின் ஓசை மட்டும்.

"தெரியும்மா."

"எப்படிப்பா?"

"தமிழ்ப்பள்ளியில இருந்தப்ப ஒவ்வொரு பரீட்சைக்கும் கார்டு வீட்டுக்கு வந்துச்சு. பெரிய ஸ்கூலுக்குப் போனதும் ஒரு தடவதான் வந்துச்சு, அப்புறம் வரவே இல்ல. அப்பன் படிக்காதவன்தான். எண்ணத் தெரியாதவன் இல்ல."

"ஏம்ப்பா கேக்கல?"

"நீ நல்லாப் படிச்ச. கேட்டு என்னா ஆவப் போவுது?" சற்று நேரம் கழித்து, "இங்கிலீசுல என் பேர எப்படி எழுதுன? அழகா இருந்துச்சா?" என்றார்.

அவர் கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். அந்தக் கேள்வியைத் தாங்க முடியவில்லை. "இல்லப்பா. உங்களுது மாதிரி இல்ல" என்றேன். "சரி, ஆளு வந்துட்டான், சரக்கு ஏத்தணும். சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

நண்பர்களே, கோயில் சுவரிலும் கல்லறையிலும் பெயரைக் கீறுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. 2013இல் சீன மாணவன் ஒருவன் லக்சோர் கோயிலில் தன் பெயரைக் கீறியதை உலகமே கண்டித்தது. கண்டித்தது சரிதான். கொற்றன் செய்ததும், செய்த அன்றைக்கு, அதே வேலைதான். இரண்டாயிரம் ஆண்டு கழித்து அது நம்முடையது என்பதால் மட்டும் நாம் அதைப் பெருமையாகப் பேசுகிறோம் என்று என் தோழி சொன்னாள். அவள் சொன்னதை என்னால் மறுக்க முடியவில்லை.

ஆனால் ஒன்று மட்டும் எனக்குத் தோன்றுகிறது. கிரேக்கம் தெரிந்தவர்கள் நிறைந்த இடம் அது. அங்கே தமிழ் படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? சிகை கொற்றனுக்கு அது தெரியாமல் இருக்காது. இருந்தும், யாருக்கும் சிரமம் வேண்டாம் என்று அவர் தம் பெயரைச் சுருக்கவில்லை. தமக்குத் தெரிந்த எழுத்தில் முழுதாக எழுதினார். படிக்கத் தெரிந்தவர்கள் வந்து சேர இரண்டாயிரம் ஆண்டு பிடித்தது. அது அவர் குறை அல்ல.

நம் பேரவையில் பெரும் பேச்சுகள் நடக்கின்றன. தமிழ் வாழுமா, தேயுமா என்று ஆண்டுதோறும் பட்டிமன்றம் வைக்கிறோம். நானும் இரண்டு முறை 'வாழும்' அணியில் பேசிப் பரிசு வாங்கியிருக்கிறேன். பரிசுச் சான்றிதழ் இரண்டிலும் 'கே' என்றுதான் இருக்கிறது. கேட்டவர்களும் யாரும் இதைக் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை.

இவ்வாண்டு மலருக்குக் கட்டுரை கேட்டுப் படிவம் வந்தது. பெயர் என்ற கட்டத்தில் பேனாவை வைத்துச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு என் பெயரைத் தமிழில், முழுதாக, ஒவ்வோர் எழுத்தாக எழுதினேன். கீழே கையெழுத்தும் அப்படியே. நெடுநாள் எழுதாததால் ழகரத்தின் சுழி சரியாக வரவில்லை. கோழி கிறுக்கியது போலத்தான் இருந்தது.

படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். 'சுழிய இன்னும் கொஞ்சம் கீழ இழுக்கணும்' என்று பதில் வந்தது.